குருதியும் குடியிருப்பும் கடவுச்சீட்டும்: தேசிய அணியில் ஆடும் உரிமை பற்றி ஒரு விசாரம்

ஒரு தேசத்தின் பெயரால் களமிறங்கும் உரிமை யாருக்கு உண்டு என்ற கேள்வி, மேலோட்டமாக நோக்குவார்க்கு விளையாட்டுச் சங்கங்களின் விதிப்புத்தகத்தில் அடங்கிவிடும் சிறு விஷயமாகவே தோன்றும். ஆயினும் உற்று நோக்குமிடத்து, மனிதனுக்கு ஒரு மண்ணோடு உள்ள சம்பந்தம் பிறப்பால் அமைவதா, வாழ்ந்து பழகுவதால் அமைவதா, அன்றி அரசாங்கம் முத்திரையிட்டுத் தரும் பத்திரத்தால் அமைவதா என்ற பழைய வழக்கே அங்கு மீண்டும் விசாரணைக்கு வந்து நிற்பதைக் காணலாம். கடவுச்சீட்டு ஒன்றையே பிரமாணமாகக் கொள்ளும் இந்திய அரசின் நியதி போதாதது என்பதையும், குருதியை மட்டும் பிரமாணமாக்குவது அதனினும் ஆபத்தானது என்பதையும், இரண்டின் குறையையும் நீக்கத்தக்க அளவுகோல் பம்பாய் நகரத்தின் சொந்த அனுபவத்திலேயே கிடைக்கிறது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

மரபுவழி உரிமைக்கு மிகத் தாராளமாக இடங்கொடுத்த ஆட்டம் எதுவென்றால், பதின்மூவர் ஆடும் ரக்பி லீக்கைத்தான் முதலில் கூறவேண்டும். பிறந்த நாடு, பெற்றோரோ பாட்டன் பாட்டியரோ பிறந்த நாடு, நெடுங்காலம் குடியிருந்த நாடு ஆகியவற்றுள் எதன் பெயராலும் ஒருவர் ஆடலாம் என்பது அதன் நியமம். ஆக்லாந்தில் பிறந்து நியூசிலாந்துக்காக ஆடிவந்த ஜேசன் டௌமலோலோவும், ஆஸ்திரேலியாவுக்காக ஆடிவந்த ஆண்ட்ரூ ஃபிஃபிட்டாவும், 2017 உலகக் கோப்பையில் முன்னோர் நாடாகிய டோங்காவின் சட்டையை அணிந்தனர். அவ்வாண்டு ஹாமில்டனில் அச்சிறு தீவு நாடு நியூசிலாந்தை 28–22 என்ற கணக்கில் வென்றது. 2019இல் ஆஸ்திரேலியாவையே 16–12 என்று வீழ்த்தியது. 2022இல் சமோவா இறுதியாட்டம் வரை சென்றது. கூலிக்கும் கல்விக்கும் கடல் கடந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள் திரும்பி வந்து தம் முன்னோர் நாட்டுக்கு ஓர் அந்தஸ்தைத் தந்தார்கள் என்பதே இதன் சாரம். லெபனான் அணியிலோ பெரும்பாலோர் ஆஸ்திரேலியாவில் பிறந்து வளர்ந்தவர்கள். அவ்வணியின் வெற்றியால் லெபனானின் தெருப் பையன்களுக்கு என்ன நன்மை விளைந்தது என்று கேட்போரின் கேள்வியையும் நாம் அலட்சியம் செய்வதற்கில்லை.

இந்திய நியதி இதற்கு நேர் எதிரானது. டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜின் மகனும் அமெரிக்காவில் பிறந்தவருமான பிரகாஷ் அமிர்தராஜ் டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார். அமெரிக்காவிலேயே பிறந்த சுனிதா ராவ் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இந்திய வீராங்கனையாகக் களமிறங்கினார். அவ்வாண்டின் இறுதியில் விளையாட்டு அமைச்சகம், இந்தியப் பிரஜைகள் மட்டுமே தேசிய அணியில் இடம்பெறலாம் என்று ஆணையிட்டது. ஸ்குவாஷ் வீரர் ஒருவர் தொடுத்த வழக்கில் 2010இல் தில்லி உயர்நீதிமன்றமும் அந்நியதியை ஏற்றுக்கொண்டது. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை. பின்னாளில் ஏற்பட்ட ‘வெளிநாட்டு இந்தியக் குடிமகன்’ என்ற ஓசிஐ அட்டையோ, பெயரில் குடிமகன் என்று சொன்னாலும் வாக்குரிமையும் தருவதில்லை, அணியில் இடமும் தருவதில்லை. ஆகவே இந்தியாவுக்காக ஆட விரும்பும் அயல்நாட்டு இந்தியன், தான் பிறந்த நாட்டின் பிரஜா உரிமையை அடியோடு துறந்தாக வேண்டும்.

அவ்வாறு துறந்த கால்பந்து வீரர் இருவரின் சரித்திரம் பம்பாயோடு பிணைந்தது என்பது கவனிக்கத்தக்கது. ஜப்பானில் பிறந்து, இந்தியத் தந்தைக்கு மகனான அராட்டா இசுமி, பம்பாயின் மஹிந்திரா யுனைடெட் அணியிலும் பின்னர்ப் புனே அணியிலும் ஆண்டுக்கணக்கில் பந்துதைத்து, சகாக்களோடு பழகி, இந்நாட்டு மைதானங்களின் புழுதியை நன்கறிந்த பின்னரே ஜப்பானியக் குடியுரிமையை விட்டு, 2013இல் இந்திய அணியில் சேர்ந்தார். பெர்த் நகரில் பிறந்து, இந்நாட்டு லீகில் ஆடிவந்த ரயன் வில்லியம்ஸ் 2025இல் ஆஸ்திரேலியக் கடவுச்சீட்டைத் துறந்து இந்தியப் பிரஜையானார். அவருடைய தாயார் பம்பாயில் பிறந்த ஆங்கிலோ இந்தியர். தாய்வழிப் பாட்டனார் 1950களில் பம்பாய் அணிக்காகச் சந்தோஷ் கோப்பையில் ஆடியவர். இங்கிலாந்தில் பிறந்த மைக்கேல் சோப்ராவோ, கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்கு ஆட வந்தும், இந்தியாவுக்காக ஆடும் விருப்பத்தைக் கடைசிவரை நிறைவேற்ற இயலாதவராகவே போனார். முதலிருவரும் இந்தியாவுக்குத் தகுதியானது கடவுச்சீட்டு கைக்கு வந்த தினத்திலன்று, இந்நாட்டு லீகில் ஆடிக் கழித்த பருவங்களில் என்பதை அவர்களுடைய வரலாறே சொல்லும்.

கடவுச்சீட்டு தெளிவானது, மோசடிக்கு இடந்தராதது, ஆகையால் அதுவே சிறந்த பிரமாணம் என்று வாதிப்போர் உண்டு. அவர்களுக்கு மலேசியாவின் அண்மை நிகழ்ச்சி ஒன்றே போதிய விடையாகும். பாட்டன் பாட்டியர் மலேசியாவில் பிறந்ததாகக் காட்டி அந்நாட்டுக் கால்பந்து அணியில் சேர்க்கப்பட்ட எழுவரின் பத்திரங்கள் திருத்தப்பட்டவை என்று பிஃபாவின் ஒழுங்குக் குழு 2025 செப்டம்பரில் தீர்ப்பளித்து, வீரர்களைத் தடைசெய்து, சங்கத்துக்கு அபராதமும் விதித்தது. அவ்வெழுவரும் மலேசியக் குடியுரிமை பெற்றவர்களே. அரசு தந்த பத்திரம் கையிலிருந்தும் மண்ணோடு உள்ள பந்தம் மெய்ப்படவில்லை என்றால், பத்திரத்துக்கும் பந்தத்துக்கும் இடையே இவர்கள் கற்பிக்கும் அபேதம் நிலைக்காது.

அவ்வாறாயின் பிறப்பையும் குலத்தையும் மட்டும் நம்பலாமா? பம்பாயின் கிரிக்கெட் சரித்திரத்தில் இதற்கு விடை இருக்கிறது. ஐரோப்பியரும் பார்ஸிகளும் மோதிய ஆட்டங்களில் 1907இல் இந்துக்களும், 1912இல் முஸ்லிம்களும் சேர, 1937இல் கிறிஸ்தவர், யூதர் முதலான எஞ்சியோரெல்லாம் ‘மீதியோர்’ என்ற பெயரில் ஐந்தாவது அணியானார்கள். ‘பென்டாங்குலர்’ என்ற அந்த ஐந்தணிப் பந்தயத்தில், எந்த மதத்தில் பிறந்தான் என்பதே ஒருவனுடைய தகுதி. 1943–44 இறுதியாட்டத்தில், பிரேபோர்ன் மைதானத்தில், இந்துக்களுக்கு எதிரான மீதியோரின் இரண்டாம் இன்னிங்ஸ் மொத்தம் 387. அதில் சாங்லியில் பிறந்த கிறிஸ்தவரான விஜய் ஹசாரே ஒருவர் மட்டும் எடுத்தது 309. சகோதரர் விவேக் ஹசாரே மறுமுனையில் நின்று 21 ஓட்டங்களே எடுத்துத் துணைபுரிய, இருவருமாகச் சேர்த்த 300 ஓட்டங்களைக் கண்ட ஜனங்கள், எந்த மதத்துக்காக அவர் ஆடினார் என்பதைச் சிந்தித்திருப்பார்களா என்பது சந்தேகம். காந்தியடிகள் 1940இலேயே இவ்வகைப் பந்தயத்தைக் கண்டித்திருந்தார். 1946இல் அது ஒழிந்தது. ஆறாண்டுகளுக்குப் பின், 1952 பிப்ரவரியில், சென்னையில் இங்கிலாந்தை வீழ்த்தி இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை அடைந்தபோது, அவ்வணியின் தலைவர் அதே ஹசாரே. ஒரு பந்தயத்தில் ‘மீதி’ என்று ஒதுக்கப்பட்டவரே தேசத்தின் பிரதிநிதியாக நின்றார் எனில், பிறப்பை அளவுகோலாகக் கொண்ட வகைப்பாடு எவ்வளவு பொய்யானது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

அப்பந்தயத்துக்குப் பின்னும் நிலைத்தது 1934–35இல் தொடங்கிய ரஞ்சி கோப்பை. அதன் உரிமை பிறப்பை மட்டும் பற்றியதன்று. ஒரு மாநிலத்தில் குடியிருந்து, அங்கே ஆட்டம் பழகி, அவ்விடத்துச் சங்கத்தில் பதிந்துகொள்வதைப் பற்றியது. தாராவிக்கு எதிரே, மித்தி ஆற்றின் அக்கரையில், பாந்த்ரா–குர்லா வளாகத்து மைதானத்தில் 2024 மார்ச்சில் மும்பைக்கும் தமிழ்நாட்டுக்கும் அரையிறுதியாட்டம் நடந்தது. மும்பை ஓர் இன்னிங்ஸும் 70 ஓட்டங்களும் வித்தியாசத்தில் வென்றது. மாதுங்காவின் டான் போஸ்கோ பள்ளியில் படித்து, சிவாஜி பார்க்கில் பயின்ற ஷ்ரேயாஸ் ஐயர், தம் தந்தைவழிக் குடும்பத்தின் தமிழ்ப் பெயரைத் தாங்கியபடி மும்பைக்காக ஆடினார். அவர் மும்பைக்கு உரியவரா என்று யாரும் ஐயுறவில்லை. தமிழ்நாடு அவர்மேல் உரிமை கொண்டாடவும் இல்லை. 1972–73இல் சேப்பாக்கத்தில் பத்மாகர் சிவால்கரின் சுழற்பந்து தமிழ்நாட்டைச் சாய்த்து, பம்பாய்க்குத் தொடர்ந்து பதினைந்தாவது கோப்பையைத் தந்தபோதும், மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழ்ந்த தமிழர் தம் ஊர் எது என்று தெரிவு செய்யும் நிர்ப்பந்தம் எந்த விதியாலும் அவர்கள்மேல் சுமத்தப்படவில்லை. குடியிருப்பு என்னும் அளவுகோலின் மேன்மை இதுவே: முன்னோரின் ஊரை அது மறுப்பதுமில்லை, அதற்காக வாழும் ஊரைப் பறிப்பதுமில்லை.

ஆயினும் குடியிருப்பையும் காகிதமாக்கிவிட்டால் அதுவும் கொடுமையாகும் என்பதைத் தாராவி வாசிகளைக் காட்டிலும் அறிந்தவர் இலர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து இரண்டு தலைமுறையாகத் தோல் பதனிட்டும் இட்லி விற்றும் வாழ்ந்த குடும்பமாயினும், புனரமைப்பில் இலவச வீடு பெற வேண்டுமெனில், 2000ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்னரே அங்கிருந்தமைக்கு வாக்காளர் பட்டியலோ மின்கட்டண ரசீதோ காட்டியாக வேண்டும். 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டமோ தந்தை, பாட்டன் முதலானோர் பிறந்த இடத்துக்குப் பத்திரம் கேட்டு, மலையகத் தமிழரில் பல லட்சம் பேரை நாடற்றவர் ஆக்கியது. பாட்டன் பிறந்த ஊர் என்ற அதே பிரமாணம், ரக்பி லீக்கில் கதவைத் திறக்கிறது. இலங்கையிலோ கதவை அடைத்தது. ஆதலால் பிரமாணத்தின் நன்மை தீமை அதன் தன்மையில் இல்லை. அது உள்ளே சேர்ப்பதற்கு வைக்கப்பட்டதா, வெளியே நிறுத்துவதற்கு வைக்கப்பட்டதா என்பதிலேயே இருக்கிறது.

இனி எஞ்சியுள்ள பலமான ஆட்சேபம் ஒன்று. அயல்நாட்டிலிருந்து வருவோர் இங்குள்ள ஏழைப் பையனின் இடத்தைப் பிடித்துக்கொள்வார்கள் என்பது அது. லெபனானைப் பற்றி மேலே கூறிய ஐயம் இதற்கும் உரியது. அதை மறுப்பதைவிட, விதியில் அதற்கு விடை வகுப்பதே விவேகம். பெற்றோரோ பாட்டன் பாட்டியரோ இந்தியாவில் பிறந்தவர் என்பது சுயேச்சையாக விசாரித்து உறுதிசெய்யப்படல் வேண்டும். ஓசிஐ அட்டை பெற்றவர் இந்நாட்டு லீகில் குறிப்பிட்ட பருவங்கள் ஆடியிருத்தல் வேண்டும். ஒருமுறை இந்தியாவுக்காக ஆடியபின் வேறு நாட்டுக்கு மாறலாகாது. அணியில் அத்தகையோர் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பும் வேண்டும். உலகச் சங்கங்களின் விதிகள் இடந்தரும் ஆட்டங்களில், இவற்றுள் எதற்கும் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்த வேண்டுவதில்லை. அமைச்சகத்தின் ஆணையை மாற்றுவதே போதும்.

குருதி ஒருவனுக்கு மனுப் போடும் உரிமையைத் தரலாம். இடத்தைத் தரவேண்டியது அவன் இங்கே ஆடிய ஆட்டமே. வந்தேறிகளால் வளர்ந்து, மதத்தின் பேரால் அணி பிரித்ததன் பலனையும் கண்டு, கடைசியில் குடியிருந்து ஆடியவனைத் தன்னவன் என்று ஏற்றுக்கொண்ட பம்பாய், இந்த நியாயத்தைத் தன் மைதானங்களில் முன்னமே நடைமுறைப்படுத்திவிட்டது. ஒரு நகரத்துக்குச் சாத்தியமான பெருந்தன்மை ஒரு தேசத்துக்கு அசாத்தியம் என்று கொள்வதற்குக் காரணம் ஏதும் இல்லை.