மத்திய இங்கிலாந்து உஷ்ணநிலைத் தொடர்

லங்காஷயர், லண்டன், பிரிஸ்டல் ஆகியவற்றை முனைகளாகக் கொண்ட முக்கோணப் பிரதேசத்தின் மாதச் சராசரி உஷ்ணநிலையை 1659ஆம் ஆண்டு முதல் தரும் இத்தொடர், கருவிகளால் அளக்கப்பட்ட உஷ்ணநிலைப் பதிவுகளில் உலகிலேயே மிக நீண்டது.

இதைத் தொகுத்தவர் பூகோளப் பேராசிரியர் கார்டன் மான்லி (1902–1980). லங்காஷயருக்கு மட்டும் ஒரு தொடரை 1946இல் வெளியிட்ட அவர், ஆக்ஸ்போர்டிலுள்ள ராட்கிளிஃப் வானாராய்ச்சி நிலையம் முதலியவற்றின் குறிப்புகளையும் அதனோடு இணைத்து, 1953இல் 1698 வரைக்கும், 1974இல் 1659 வரைக்கும் பின்னோக்கிச் சென்றார். இவ்விணைப்பில் இடையூறுகள் பல இருந்தன. குறிப்பெழுதிய பழங்காலத்துக் கனவான்களோ வெப்பமானியைக் கணப்பில்லாத அறைகளுக்குள் மாட்டிவைத்துப் பார்த்தவர்கள். 1752இல் பஞ்சாங்கச் சீர்திருத்தத்தால் தேதிக்கணக்கிலிருந்து பதினொரு நாட்கள் மறைந்தன. 1707 முதல் 1722 வரை உள்நாட்டில் நம்பத்தக்க பதிவு அகப்படாமையால் ஹாலந்திலுள்ள யூட்ரெக்ட் நகரின் கணக்கைத் துணைக்கொள்ள நேர்ந்தது. ஒரே காலத்தில் இருவர் எழுதிய குறிப்புகளை ஒப்பிட்டு, அவற்றிடையே நிலையாகக் காணும் வித்தியாசத்தை நிர்ணயித்து, ஒருவர் விட்ட இடத்தில் மற்றவரைப் பொருத்துவதே மான்லியின் முறை. ஆதிப் பகுதியின் எண்களை அவர் அரை டிகிரிக்கும் முழு டிகிரிக்கும் முடித்துக்கூறி, அதற்குமேல் நுட்பம் பாராட்டாமல் நின்றது தொடரின் குறையன்று, தொகுத்தவரின் நேர்மையே என்பது எமது அபிப்பிராயம்.

காலநிலை மாற்றத்தை இதிற் காண்பது அத்தனை சுலபமன்று. 1683–84 குளிர்காலத்தில் தேம்ஸ் நதி உறைந்து அதன்மேல் சந்தை கூடிற்று; 1690களின் கடுங்குளிருக்குப் பின் படிப்படியாக ஏறிய உஷ்ணநிலை 1730களில் அந்நூற்றாண்டின் உச்சத்தை எட்டியது; அவ்வேற்றத்தை நிரந்தரமென நம்பியிருக்கக்கூடியவர்களைத் திகைக்கவைத்து, 1740இல் ஆண்டுச் சராசரி 6.8 டிகிரி செல்சியஸுக்கு வீழ்ந்தது. காற்றோட்டத்தின் திசை மாறினாலே ஒரு சிறு பிரதேசம் இவ்வளவு ஊசலாடுமாதலின், முப்பது நாற்பதாண்டுப் போக்கு ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புக் கூறுதல் தகாது. அந்த ஊசலாட்டத்தின் அளவை முதலில் அறியவேண்டும். அதற்கு மூன்று நூற்றாண்டுப் பதிவு வேண்டியிருந்தது.

1992இல் பார்க்கர், லெக், ஃபோலண்ட் ஆகியோர் 1772 முதலான தினசரித் தொடரை அமைத்தனர். 1974க்குப் பிற்பட்ட எண்களிலிருந்து நகர வளர்ச்சியால் நேரும் மிகை வெப்பம் கழிக்கப்படுகிறது. அங்ஙனம் கழித்தும், 1950க்குப் பிந்திய சுமார் ஒரு டிகிரி உயர்வை இயற்கையான ஏற்றத்தாழ்வு மட்டும் விளக்கப் போதாதென்று கரோலியும் ஸ்டாட்டும் 2006இல் காட்டினர். 2022இன் சராசரி 11 டிகிரியைக் கடந்தது. பிரிட்டிஷ் வானிலை நிலையத்தின் ஹாட்லி மையம் இன்று இத்தொடரைப் பராமரிக்கிறது.