மது விற்கும் கடையில் வேலையா? கேமரன் மலை இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டங்கள்

பள்ளி விடுமுறை, நீண்ட வார இறுதி என்று வந்துவிட்டால் பிரிஞ்சாங் நிரம்பி வழியும். ஹோட்டல், ஸ்டீம்போட் உணவகம், மினி மார்க்கெட் என எல்லா இடத்திலும் வேலைக்கு ஆள் தேடுவார்கள். எஸ்பிஎம் முடித்துவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு முதல் சம்பளம் இப்படித்தான் வருகிறது.

நீங்கள் கல்லாவில் நிற்கிறீர்கள். ஒருவர் ஆறு கேன் பியரைக் கொண்டுவந்து வைக்கிறார். பார்த்தால் உங்கள் வயதுதான் இருக்கும். விற்கலாமா?

"முதலாளி ஒன்னும் சொல்லலையே, நமக்கு என்ன?" என்று நீங்கள் நினைக்கலாம். சட்டம் அப்படி நினைப்பதில்லை. மலேசியாவில் மது விற்பனையைக் கட்டுப்படுத்தும் விதிகளின் கனம் பெரும்பாலும் குடிப்பவர் மேல் இல்லை, விற்பவர் மேல்தான். அதனால் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவரை விட, இந்தப் பக்கம் நிற்கும் நீங்கள்தான் சட்டத்தை அதிகம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

எந்தச் சட்டம், யார் கையில்?

மதுவுக்கென்று ஒரே ஒரு சட்டம் கிடையாது. நான்கு சட்டங்கள் இதில் சேர்ந்து வருகின்றன.

1976-ஆம் ஆண்டின் கலால் சட்டம்: யார் விற்கலாம், எங்கே விற்கலாம், எந்த நேரத்தில் விற்கலாம் என்பதை இதுவும் இதன் கீழ் வரும் விதிமுறைகளும் முடிவு செய்கின்றன. வரி, முத்திரை விவகாரங்களைச் சுங்கத்துறை கவனிக்கிறது. சில்லறை விற்பனை லைசென்ஸை மாவட்ட அளவில் இயங்கும் லைசென்ஸ் வாரியம் தருகிறது.

1985-ஆம் ஆண்டின் உணவு விதிமுறைகள்: யாருக்கு விற்கக்கூடாது, போத்தலில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்பது இதில் இருக்கிறது. இது சுகாதார அமைச்சின் பொறுப்பு.

1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம்: குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவருக்கான தண்டனை இதில்தான் வரும்.

நான்காவது, மாநில அளவிலான இஸ்லாமியச் சட்டம். இது முஸ்லிம்களுக்கு மட்டும் பொருந்தும்.

இவை போக, கடை நடத்துவதற்கான ஊராட்சி மன்ற லைசென்ஸும் தேவை. கடை லைசென்ஸ் இருக்கிறது என்பதற்காக மது விற்றுவிட முடியாது. இரண்டும் வேறு வேறு.

லைசென்ஸ் இருந்தால் எதையும் எப்போதும் விற்கலாமா?

முடியாது. மது லைசென்ஸில் பல வகை உண்டு. மொத்த வியாபாரம், சில்லறைக் கடை, பார் அல்லது பப், பியர் மட்டும் விற்கும் இடம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி லைசென்ஸ். பார், பியர் லைசென்ஸ்களுக்குள்ளேயே முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று பிரிவுகள் இருக்கின்றன. வகுப்பு மாறினால் விற்பனை நேரமும் மாறும்.

சில்லறைக் கடை லைசென்ஸ் என்றால் போத்தலை வாங்குபவர் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். "அண்ணே, இங்கேயே ஒரு ஓரமா உட்கார்ந்து குடிச்சிக்கிறேன்" என்று நாற்காலி கேட்டால் கொடுக்க முடியாது. உட்கார்ந்து குடிக்க வைப்பதற்கு வேறு லைசென்ஸ் வேண்டும்.

நேரக் கட்டுப்பாட்டுக்கு எல்லாருக்கும் தெரிந்த உதாரணம் கோலாலம்பூர். அங்கே மாநகராண்மைக் கழகம் 2021-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த வழிகாட்டியின்படி, மளிகைக் கடைகளிலும் கன்வீனியன்ஸ் கடைகளிலும் வடிமது விற்கக்கூடாது. பியர் விற்கலாம், ஆனால் காலை 7 மணி முதல் இரவு 9 மணி வரை மட்டும். பிரிஞ்சாங்கில் இருக்கும் உங்களை அந்த வழிகாட்டி கட்டுப்படுத்தாது. உங்கள் கடைக்கு எது பொருந்தும் என்பது அந்தக் கடையின் லைசென்ஸ் தாளில் இருக்கிறது. வேலைக்குச் சேரும் முதல் நாளே அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். வகை, நேரம், நிபந்தனை மூன்றையும் பாருங்கள்.

லைசென்ஸே இல்லாமல் வீட்டில் வைத்து விற்பது, வரி கட்டாத சரக்கை விற்பது இரண்டும் குற்றம். "ரெண்டு கேஸ்தானே, தெரிஞ்சவங்களுக்குத்தானே" என்பதெல்லாம் கணக்கில் வராது.

18 இல்லை, 21

இன்னும் பலர் 18 வயது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது பழைய கதை. 2017 டிசம்பர் 1 முதல் மலேசியாவில் மது வாங்குவதற்கான குறைந்தபட்ச வயது 21. உணவு விதிமுறைகளில் செய்த திருத்தம் இதைக் கொண்டுவந்தது. 2 விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால் உள்ள எந்தப் பானமும் இதில் அடங்கும். பியர், ஒயின், விஸ்கி எல்லாவற்றுக்கும் ஒரே விதிதான்.

வாக்களிக்கும் வயது இப்போது 18. கார் லைசென்ஸ் 17 வயதிலேயே எடுத்துவிடலாம். அதனால் "ஓட்டுப் போடலாம், கார் ஓட்டலாம், பியர் மட்டும் வாங்கக்கூடாதா?" என்று வாடிக்கையாளர் உங்களிடம் வாதாடக்கூடும். வாதம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கல்லாவில் நிற்கும் உங்களுக்கு அது உதவாது. 21 வயது நிரம்பாதவருக்கு விற்றால் 10,000 ரிங்கிட் வரை அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ விதிக்கப்படலாம்.

21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்பனை இல்லை என்ற அறிவிப்பும் கடையில் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். விற்கும் போத்தலிலும் கேனிலும் 'மது அருந்துவது உடல்நலத்துக்குத் தீங்கு விளைவிக்கலாம்' என்ற பொருளில் மலாய் எச்சரிக்கை வாசகம் கட்டாயம். அது இல்லாத சரக்கு அலமாரியில் இருந்தால் முதலாளியிடம் சொல்லுங்கள்.

வயதை எப்படிச் சரிபார்ப்பது?

முகத்தைப் பார்த்து வயதைக் கணிக்காதீர்கள். தாடி வைத்த 19 வயதுக்காரரும் உண்டு, பள்ளிப் பிள்ளை மாதிரி தெரியும் 25 வயதுக்காரரும் உண்டு. மைகார்டைக் கேளுங்கள்.

மைகார்ட் எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி. முதல் இரண்டு ஆண்டு, அடுத்த இரண்டு மாதம், கடைசி இரண்டு நாள். 050815 என்று தொடங்கினால் 2005 ஆகஸ்ட் 15-இல் பிறந்தவர். அவருக்கு 21 வயது நிறைவது 2026 ஆகஸ்ட் 15 அன்று. ஒரு நாள் முன்னால் வந்தாலும் விற்க முடியாது. இன்றைய தேதியிலிருந்து 21 ஆண்டைக் கழித்து, அந்தத் தேதியைக் காலையிலேயே கல்லாப் பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். கூட்ட நேரத்தில் மனக்கணக்குப் போட வேண்டியதில்லை.

சுற்றுப்பயணிகள், வெளிநாட்டுத் தொழிலாளர்கள் என்றால் கடப்பிதழைப் பாருங்கள்.

கைப்பேசியில் இருக்கும் படத்தைக் காட்டினால்? அது வேறொருவருடைய அட்டையின் படமாகக்கூட இருக்கலாம். அசல் இல்லை என்றால் விற்பனையும் இல்லை என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

தோட்டப்புறத்தில் அதிகம் நடப்பது இன்னொன்று. "மாமா வாங்கிட்டு வரச் சொன்னாரு" என்று ஒரு 15 வயதுப் பையன் வந்து நிற்பான். மாமாவை உங்களுக்கும் தெரியும், பையனையும் தெரியும். இருந்தாலும் வாங்குபவர் அந்தப் பையன்தான். "மாமாவையே வரச் சொல்லு தம்பி" என்பதுதான் ஒரே பதில். சின்ன ஊரில் இதைச் சொல்வது கஷ்டம்தான். சட்டம் கைவசம் இருப்பதால் பழியை அதன் மேல் போட்டுவிடலாம்: "நான் என்ன செய்யறது, ரூல் அப்படி."

முஸ்லிம் வாடிக்கையாளர் வந்தால்?

முஸ்லிம்கள் மது அருந்துவது மாநிலச் சட்டப்படி குற்றம். பகாங்கில் இது எவ்வளவு கடுமையானது என்பதை 2009-இல் உலகமே பார்த்தது. செராத்திங்கில் ஒரு ஹோட்டலில் பியர் குடித்த முஸ்லிம் பெண் ஒருவருக்குக் குவாந்தான் ஷரியா உயர் நீதிமன்றம் 5,000 ரிங்கிட் அபராதமும் ஆறு பிரம்படியும் விதித்தது. 2010-இல் பிரம்படி சமூக சேவையாக மாற்றப்பட்டது.

முஸ்லிம் அல்லாத ஊழியரை ஷரியா நீதிமன்றம் விசாரிக்காது. ஆனால் முஸ்லிம்களுக்கு மது விற்கக்கூடாது என்பதைச் சில இடங்களில் லைசென்ஸ் நிபந்தனையாகவே சேர்த்திருக்கிறார்கள். அதை மீறினால் ஆபத்து கடையின் லைசென்ஸுக்கு. உங்கள் கடைக்கு அப்படி ஒரு நிபந்தனை இருக்கிறதா என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

போத்தலுக்குள் என்ன இருக்கிறது?

தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் 'சம்சு' என்ற சொல்லைத் தெரியாதவர்கள் குறைவு. கடும் போதை, மலிவு விலை, சட்டைப் பையில் அடங்கும் சிறிய போத்தல். ஒரு நாள் கூலியில் ஒரு துண்டைக் கொடுத்தாலே கிடைத்துவிடும். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல்லாண்டுகளாக இதை எதிர்த்துக் குரல் கொடுத்து வந்திருக்கிறது.

2017-இல் வயது வரம்பை உயர்த்திய அதே திருத்தம் இந்தச் சிறிய போத்தலையும் குறிவைத்தது. சாராயத்தில் சுவையும் நிறமும் கலந்து தயாரிக்கும் இவ்வகைக் கடும் மதுவைக் கண்ணாடிப் போத்தலில்தான் விற்க வேண்டும், அளவும் 700 மில்லிலிட்டருக்குக் குறையக்கூடாது. காரணம் எளிது: சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் சின்னப் போத்தல் இல்லாவிட்டால், தினமும் வேலை முடிந்ததும் ஒன்று வாங்கும் பழக்கம் கடினமாகும்.

இதைவிட ஆபத்தானது கள்ளச் சரக்கு. 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்த 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் இருந்தார்கள். 2024 ஜூனில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் இதே மெத்தனால் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது.

மெத்தனாலுக்குத் தனி நிறமில்லை, குடிக்கும்போது வித்தியாசமும் தெரியாது. பல மணி நேரம் கழித்துத்தான் வாந்தி, வயிற்று வலி, மூச்சிரைப்பு, கண் மங்குதல் தொடங்கும். வழக்கமான ஹேங்ஓவர் என்று நினைத்துத் தூங்க வைத்துவிடுவதுதான் பலரைக் கொன்றிருக்கிறது. குடித்த மறுநாள் ஒருவர் "கண்ணு சரியா தெரியல" என்று சொன்னால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நேரத்தோடு போனால் சிகிச்சை உண்டு.

சுங்கத்துறையின் வரி முத்திரை இல்லாத வடிமது, சந்தை விலையை விடப் பாதி விலை, தெரியாத லோரியில் வந்த சரக்கு. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் தொடாதீர்கள்.

மலையிலிருந்து இறங்கும்போது

கேமரன் மலைக்கு வருபவர்கள் திரும்பிப் போகும் பாதை பெரும்பாலும் தாப்பா சாலை அல்லது சிம்பாங் பூலாய் சாலை. வளைவு, மூடுபனி, மழை, காய்கறி லோரி எல்லாம் சேர்ந்த பாதை. நிதானத்தில் இருப்பவருக்கே கவனம் தேவை.

2020 அக்டோபர் 23 முதல் நாட்டில் சட்ட வரம்பு 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால். முன்பு 80 ஆக இருந்தது. மூச்சுச் சோதனையில் வரம்பு 22 மைக்ரோகிராம், முன்பு 35. வரம்பைத் தாண்டி ஓட்டினாலே, விபத்து நடக்காவிட்டாலும், முதல் முறைக்கு 10,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை. உயிரிழப்பு ஏற்படுத்தினால் 10 முதல் 15 ஆண்டு சிறை, 50,000 முதல் 100,000 ரிங்கிட் அபராதம்.

இந்தத் தண்டனை ஓட்டுநருக்கு. ஆனால் அவர் குடித்த ஐந்தாவது கிளாஸ் உங்கள் மேசையிலிருந்து போயிருக்கலாம். நாக்கு குழறுகிறது, நடை தடுமாறுகிறது என்றால் ஊற்றுவதை நிறுத்துங்கள். தண்ணீர் கொடுங்கள். கூட வந்தவர்களில் குடிக்காதவர் யார் என்று கேளுங்கள். யாரும் இல்லை என்றால் அன்றிரவு பிரிஞ்சாங்கிலேயே தங்கச் சொல்லுங்கள்.

தோட்டத்துக்கு இது புதிய சண்டை இல்லை

மது விற்பனைக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்பது மேலிருந்து வந்த யோசனை மட்டும் இல்லை. ஆங்கிலேயர் காலத்தில் தோட்டம்தோறும் சட்டப்படியே கள்ளுக்கடைகள் நடந்தன. உழைத்த கூலி அங்கேயே திரும்பிப் போனது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கையாக இருந்தது. 1947-இல் கெடாவின் பீடோங்கில் தொண்டர் படை கள்ளுக்கடை மறியலில் இறங்கி, போலீசாருடன் மோதும் நிலை வரை போனது.

அதாவது, "யாருக்கு, எங்கே, எவ்வளவு விற்கிறீர்கள்?" என்ற கேள்வியை நம் தாத்தா பாட்டிகள் லைசென்ஸ் வாரியங்களுக்கு முன்பே கேட்டுவிட்டார்கள்.

பக்கத்து நாடுகளில் எப்படி?

சிங்கப்பூரில் வயது வரம்பு 18. ஆனால் 2013 டிசம்பர் 8-இல் லிட்டில் இந்தியாவில் கலவரம் நடந்த பிறகு, 2015 ஏப்ரல் முதல் இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடங்களில் குடிக்கத் தடை. லிட்டில் இந்தியா, கேலாங் பகுதிகளில் கட்டுப்பாடு இன்னும் அதிகம். தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை விற்பனை அரசின் டாஸ்மாக் கையில் இருக்கிறது, வயது வரம்பு 21. இலங்கையிலும் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி 21.

சுருக்கமாக: விற்கும் முன் ஐந்து கேள்விகள்

1. இந்தக் கடைக்கு மது லைசென்ஸ் இருக்கிறதா, எந்த வகை?
2. இப்போது விற்பனை நேரத்துக்குள் இருக்கிறோமா?
3. வாங்குபவருக்கு 21 நிரம்பிவிட்டதா, அசல் அட்டையைப் பார்த்தேனா?
4. போத்தலில் வரி முத்திரை, எச்சரிக்கை வாசகம், சரியான அளவு இருக்கிறதா?
5. இவர் இப்போதே போதையில் இருக்கிறாரா, வண்டி ஓட்டப் போகிறாரா?

ஒன்றுக்கு நல்ல பதில் கிடைக்காவிட்டாலும் விற்காதீர்கள். முதலாளி கட்டாயப்படுத்தினால், அபராதமும் சிறையும் உங்களையும் தொடும் என்பதைச் சொல்லுங்கள். ஒரு விற்பனை போனால் கடைக்குச் சில ரிங்கிட்தான் நஷ்டம்.