அடைவை நகர்த்துதலும் பெயரின் இரு வடிவங்களும்: எம்வி கட்டளையின் காப்புச் சோதனைகள் குறித்து

அடைவுகளை நகர்த்தவும் பெயர் மாற்றவும் பயன்படும் யூனிக்ஸின் எம்வி கட்டளையில் உள்ள காப்புச் சோதனைகள் அடைவு மரத்தின் கட்டுக்கோப்பைக் காக்கின்றன. பயனரின் எண்ணத்தைக் காப்பதில் அவை பலவீனமானவை. அடைவுப் பெயர் தமிழில் இருந்தால் இன்னும் பலவீனமானவை.

1983இல் 4.2 பிஎஸ்டி யூனிக்ஸ் வரும்வரை, அடைவின் பெயரை மாற்றப் புதுப் பெயரில் இணைப்பு உண்டாக்கிப் பழையதை நீக்க வேண்டியிருந்தது. அடைவுகளில் அந்த உரிமை சூப்பர்யூசருக்கே இருந்தது. நடுவில் இயந்திரம் நின்றால் ஒரே அடைவுக்கு இரு பெயர்கள் மிஞ்சும். ரீநேம் சிஸ்டம் கால் இரண்டு படிகளையும் ஒன்றாக்கி, சோதனையைக் கெர்னலுக்குள் கொண்டுபோனது. ஓர் அடைவை அதன் உள்ளடைவுக்குள்ளேயே நகர்த்தச் சொன்னால் கெர்னல் மறுக்கும். அனுமதித்தால் அந்தக் கிளை வேரிலிருந்து அறுந்து, எந்தப் பாதையும் எட்டாத வளையமாகிவிடும். இதில் ஒரு நுட்பம்: 'அ'வை 'ஆ'வுக்குள் ஒருவரும், 'ஆ'வை 'அ'வுக்குள் இன்னொருவரும் ஒரே கணத்தில் நகர்த்தினால், தனித்தனியே இரண்டுமே சோதனையில் தேறிவிடும். அதற்காகவே லினக்ஸ், ஓர் அடைவிலிருந்து வேறு அடைவுக்குச் செல்லும் நகர்த்தல்களைக் கோப்பு முறைமைக்கு ஒரு பூட்டு வைத்து வரிசைப்படுத்துகிறது.

இத்தனை கவனம், இலக்கில் அந்தப் பெயர் முன்பே இருக்கிறதா என்ற எளிய கேள்வியில் இல்லை. இலக்கு அடைவு இல்லையென்றால் எம்வி பெயரை மாற்றும். இருந்தால் மூல அடைவை அதற்குள் நுழைக்கும். கட்டளை ஒன்று, விளைவு இரண்டு. க்னூ எம்வியின் பெரிய எழுத்து 'டி' விருப்பம் இந்த நுழைப்பைத் தடுக்கிறது. இலக்கில் கோப்புகள் இருந்தால் பிழை சொல்லும், காலியாக இருந்தால் கேட்காமலே மாற்றிவிடும்.

பதிப்பகங்கள் நிறைந்த தியாகராய நகரில், பக்க வடிவமைப்பு நடக்கும் ஓர் அலுவலகத்தை எண்ணிக்கொள்வோம். அங்கே 'தொகுதி' என்று ஓர் அடைவு. யூனிகோடில் 'தொ'வை இரு வழியில் எழுதலாம்: தகரத்துடன் ஒகர உயிர்க்குறி ஒன்று, அல்லது தகரத்துடன் எகரக் குறியும் காலும். யூடிஎஃப்-8இல் முதல் வடிவில் 'தொகுதி' 18 பைட், இரண்டாவதில் 21. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் முறைமை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. அந்த வட்டிலிருந்து லினக்ஸ் சர்வருக்கு வரும் அடைவு பிரிந்த பெயரோடே வந்து சேரலாம். திரையில் இரண்டும் ஒன்றே. லினக்ஸ் பைட்டுகளையே ஒப்பிடுவதால், 'பெயர் இல்லை' என்று சோதனை விடை சொல்லும். மேலெழுதாதே என்னும் சிறிய 'என்' விருப்பமும் தடுக்காது. ஒரே பெயரில் இரு அடைவுகள் நிற்க, இரட்டைப் பிரதி என்று நினைத்து யாரோ ஒன்றை நீக்குவார்.

பெயர் என்பது பைட்டுத் தொடர்தான், அதன் பொருள் கெர்னலின் வேலையல்ல என்பது பழைய யூனிக்ஸ் வாதம். கெர்னலுக்கு அது பெரும்பாலும் சரியே என்றாலும், பயனரோடு பேசும் எம்விக்கு அது சாக்குப்போக்கு. 2019இல் லினக்ஸ் 5.2, எக்ஸ்ட்4இல் பெரிய, சிறிய எழுத்து பேதம் பார்க்காத அடைவுகளைக் கொண்டுவந்தபோது இந்த இரு வடிவங்களையும் ஒன்றாகக் கருதும் வசதியும் சேர்ந்தே வந்தது. முறைமையில் அந்த அம்சத்தை இயக்கி, அடைவு காலியாக இருக்கும்போதே குறியிட வேண்டும். ஏற்கெனவே கோப்புகள் உள்ள அடைவுக்கு இது உதவாது. அங்கே எம்வியே இலக்கு அடைவைப் படித்து, சமமான பெயர் கண்டால் கேட்கலாம். படித்ததற்கும் பெயர் மாற்றுவதற்கும் இடையே இன்னொருவர் புகுந்துவிடலாம் என்பதால் அதை உத்தரவாதமாகக் கொள்ள முடியாது. உறுதி கேட்கும் 'ஐ' விருப்பத்தோடு சேரும் எச்சரிக்கையாக வைப்பதே பொருந்தும்.