ஒன்றரைக் கோடி என்னும் எல்லை: விந்தணு அளவுகளும் ‘ஆண் காரணம்’ என்ற வகைப்பாடும்

குழந்தையின்மைக்கு ஆண் காரணம் மூன்றில் ஒரு பங்கு, பெண் காரணம் மூன்றில் ஒரு பங்கு, எஞ்சியது இருவரையும் சேர்ந்தது என்னும் கணக்கு நம் துறைக் கட்டுரைகளில் மேற்கோள்கூடத் தேவைப்படாத முன்னுரை வரியாகிவிட்டது. பழி முழுவதையும் பெண்ணின் தலையில் சுமத்திய வழக்கத்தை எதிர்க்க அந்தக் கணக்கு உதவியது. அந்த நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் அது உடலில் கண்டெடுத்த உண்மை அன்று என்பதே இக்கட்டுரையின் வாதம். பரிசோதனைத் தாளில் எல்லையை எங்கே வைத்தோமோ, அதைப் பொறுத்துப் பங்குகள் மாறுகின்றன. அந்த எல்லையோ, தான் சொல்லாத ஒன்றைச் சொன்னதாக வைத்துப் படிக்கப்பட்டு வருகிறது.

விவாதத்துக்குரிய மூலம் ஓர் அட்டவணை. உலக சுகாதார நிறுவனம் விந்துப் பரிசோதனைக் கையேட்டின் 5ஆம் பதிப்பை 2010இல் வெளியிட்டது. அதில் மில்லிலிட்டருக்கு 1.5 கோடி விந்தணு, மொத்த அசைவு 40 விழுக்காடு, இயல்பான வடிவம் 4 விழுக்காடு என்று கீழெல்லைகள் தரப்பட்டன. அதற்கு முந்தைய 1999ஆம் ஆண்டுப் பதிப்பில் எண்ணிக்கைக்கான அளவு 2 கோடி. ஆகவே 1.8 கோடி எண்ணிக்கை கொண்ட ஒருவர் 2009இல் குறைபாடுடையவர், 2010இல் குறையற்றவர். அவர் உடலில் எதுவும் மாறவில்லை. அவரும் மனைவியும் அடங்கிய இணை மட்டும் ‘ஆண் காரணம்’ என்ற கட்டத்திலிருந்து ‘காரணம் தெரியாதவை’ என்ற கட்டத்துக்கோ, ‘பெண் காரணம்’ என்ற கட்டத்துக்கோ இடம்பெயர்ந்தது.

இந்த 1.5 கோடி எங்கிருந்து வந்தது? எட்டு நாடுகளைச் சேர்ந்த சுமார் 1,900 ஆண்களின் அளவுகளிலிருந்து. அவர்கள் எல்லாருமே, முயலத் தொடங்கிய 12 மாதங்களுக்குள் மனைவி கருவுற்ற ஆண்கள். அவர்களின் எண்ணிக்கைகளை ஏறுவரிசையில் அடுக்கி, கீழிருந்து 5 விழுக்காடு முடியும் இடத்தை எல்லையாகக் குறித்தார்கள். குழந்தையில்லாத ஆண் ஒருவர்கூட அந்த வரிசையில் இல்லை. இரு குழுக்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அவை பிரியும் இடத்தில் போட்ட எல்லை அன்று இது. அதற்குக் கீழே இருந்த 20க்கு ஒருவரும் தந்தையாகிக்கொண்டிருந்தவரே. கையேட்டின் 6ஆம் பதிப்பு (2021) இதை ஒப்புக்கொண்டு, இந்த அளவுகள் கருவளம் உள்ளவரையும் இல்லாதவரையும் பிரிக்கும் எல்லைகள் அல்ல என்று எச்சரிக்கிறது. கூடுதல் நாடுகளின் தரவு சேர்ந்ததும் எண் 1.6 கோடி ஆயிற்று.

இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். பரிசோதனைத் தாளில் ஒரே ஓர் அளவு இருப்பதில்லை. கன அளவு, எண்ணிக்கை, அசைவு, வடிவம் என்று நான்கையாவது பார்க்கிறோம். ஒவ்வொன்றிலும் கீழ் 5 விழுக்காட்டை ஒதுக்கினால், இவை ஒன்றையொன்று சாராதவையாக இருக்கும் பட்சத்தில், தந்தையான ஆண்களிலேயே 100க்கு 18 பேருக்கு மேல் ஏதாவது ஒன்றில் தவறிவிடுவார்கள். உண்மையில் இவை ஓரளவு சார்புடையவை. அதனால் எண்ணிக்கை 18ஐவிடக் குறையும். எனினும் 5ஐவிட மிகும். ‘கவுண்ட் கம்மி’ என்ற சொல்லைக் குடும்பத்துக்குள் சுமந்து திரிகிற ஆண்களில் எத்தனை பேர் இந்தக் கணக்கின் விளைபொருள்கள் என்பதை நம் ஆய்வுகள் கேட்கவே இல்லை.

எண்ணும் மேசையருகே சென்றால் நிலைமை இன்னும் தெளிவாகும். விந்தை நீர்த்து, நியூபவர் எண்ணறையில் இட்டு, ஒவ்வொரு மாதிரியிலும் 200 அணுக்களுக்குக் குறையாமல் இரண்டு முறை எண்ண வேண்டும் என்கிறது கையேடு. காரணம் எளிது. 400 அணுக்களை எண்ணினால் எண்ணுதலின் திட்டப்பிழை 5 விழுக்காடு. 100 மட்டும் எண்ணினால் 10 விழுக்காடு. வேலைப்பளுவில் நூறோடு நிறுத்திவிட்ட மேசையில் 1.5 கோடி என்று வரும் முடிவின் உண்மை மதிப்பு 1.2 கோடிக்கும் 1.8 கோடிக்கும் இடையில் எங்கும் இருக்கலாம். இது எண்ணுவதில் வரும் பிழை மட்டுமே. ஆளுக்குள் நிகழும் ஏற்ற இறக்கம் இதைவிடப் பெரிது. விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள் ஆகும். இரண்டு மாதத்துக்கு முன் வந்த கடுங்காய்ச்சல் இன்றைய தாளில் தெரியலாம். உடலுறவு இல்லாத நாள்கள் இரண்டா ஏழா என்பதும் எண்ணை மாற்றும். ஒரே தாளை வைத்துத் தீர்ப்பெழுதும் ஆய்வுகளை நாம் இன்னும் ஏற்றுக்கொண்டிருப்பது வருத்தத்துக்குரியது.

எல்லை தவறான இடத்தில் இருக்கிறது, சரியான இடத்தைத் தேடுவோம் என்று இதற்கு விடை சொல்லலாம். அப்படியோர் இடம் இருப்பதாகத் தரவுகள் காட்டவில்லை. முதல் குழந்தைக்கு முயன்ற 430 டென்மார்க் இணைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1998இல் வெளியானது. எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு 4 கோடி வரை உயர உயரக் கருவுறும் வாய்ப்பும் உயர்ந்தது. அதற்கு மேல் உயர்வில்லை. 1.5 கோடியிலோ 2 கோடியிலோ படி எதுவும் தென்படவில்லை. இருந்தது ஒரு சரிவு. குழந்தையில்லாத 765 இணைகளின் ஆண்களையும் குழந்தையுள்ள 696 இணைகளின் ஆண்களையும் ஒப்பிட்ட 2001ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வு எண்ணிக்கைக்கு ஒன்றன்று, இரண்டு எல்லைகள் தந்தது: 1.35 கோடி, 4.8 கோடி. நடுவில் இருப்பவர்களைப் பற்றி ஒன்றும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றது. நான் அறிந்தவரை, ‘ஆண் காரணம்’ எனப் பதியப்படுவோரில் பலர் அந்த நடுப்பகுதியில் நிற்பவர்களே.

சரிவாக இருப்பதைப் படியாக எழுதுவதால் பெண்ணுக்கும் தீங்கு உண்டு. 1.8 கோடி எண்ணிக்கை கொண்ட இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவரின் மனைவிக்கு வயது 24, இன்னொருவரின் மனைவிக்கு 38. முதல் இணை மருத்துவமனைப் படியேறாமலேயே குழந்தை பெறக்கூடும். எந்த ஆய்விலும் அவர்கள் இடம்பெற மாட்டார்கள். இரண்டாம் இணை வருகிறது. ஆணின் தாளில் ‘நார்மல்’ என்று அச்சாகிறது. அதோடு அவர் கதை முடிகிறது. பெண்ணுக்குக் கருக்குழாய் எக்ஸ்ரே, லேப்ராஸ்கோப்பி, மாதந்தோறும் ஊசி என்று தொடர்கிறது. 1999ஆம் ஆண்டு எல்லையின்படி இதே இணை ‘இருவர் காரணம்’. இருவரின் வாய்ப்புகளும் ஒன்றோடொன்று பெருகி வருவதே கருவுறுதல். ஒருவரின் குறையை மற்றவரின் வளம் ஈடுசெய்யும், ஈடுசெய்யாமலும் போகும். காரணத்தைப் பிரித்து ஆளுக்கொரு பங்கு கொடுப்பது இந்த உயிரியலுக்கே ஒவ்வாதது.

உலக சுகாதார நிறுவனம் 1980களில் 8,500 இணைகளிடம் நடத்திய பன்னாட்டு ஆய்வும் மூன்றில் ஒரு பங்குக் கணக்கைத் தாங்கவில்லை. வளர்ந்த நாடுகளில் பெண் மட்டும் 37 விழுக்காடு, ஆண் மட்டும் 8, இருவரும் 35 என்று அது பதிந்தது. அந்த 8ஐயும் 35ஐயும் கூட்டி ‘ஆண் பங்கு’ என்று காட்டுவதும், கூட்டாமல் காட்டுவதும் எழுதுபவரின் வசதியைப் பொறுத்ததாகிவிட்டன.

மறுப்புகளில் ஒன்று கனமானது. மருத்துவர் முடிவெடுக்க ஏதாவது ஓர் எல்லை வேண்டாமா? வேண்டும். ஆனால் அது, அடுத்து என்ன செய்வது என்பதிலிருந்து பிறந்த எல்லையாக இருக்க வேண்டும். மையவிலக்கிச் சுழற்றித் தேடியும் விந்தில் ஓர் அணுவும் இல்லை என்றால், அடைப்பா உற்பத்திக் குறையா என்று தேட வேண்டும். 50 லட்சத்துக்குக் கீழே என்றால் குரோமோசோம் பரிசோதனைக்குக் காரணம் உண்டு. இவை செயலுக்கான எல்லைகள். இவற்றை நான் எதிர்க்கவில்லை. வடிவத்துக்கான எல்லை 1987இல் 50 விழுக்காடாக இருந்து 4 விழுக்காடாகச் சரிந்ததற்கு, ‘இயல்பு’ என்று ஏற்கும் அளவுகோல் கடுமையானதும் ஒரு காரணம் என்பார்கள். அது சரியே, பழைய தரவையும் புதிய தரவையும் ஒரே பட்டியலில் சேர்க்கக் கூடாது என்பதற்கு அதுவே சான்று. 2010ஆம் ஆண்டு அட்டவணையில் இந்தியர் இல்லை, நமக்கென்று தனி அட்டவணை வேண்டும் என்ற வாதத்தில் நெடுநேரம் நிற்கத் தேவையில்லை. தந்தையான இந்தியர்களை மட்டும் அடுக்கி 5 விழுக்காட்டில் எல்லை வைத்தாலும் அதே பிழைதான் தமிழ்நாட்டு முகவரியோடு திரும்பிவரும்.

இனி இத்துறையில் ‘ஆண் காரணம்’ இத்தனை விழுக்காடு என்று எழுதுவோர் எந்த ஆண்டுப் பதிப்பின் எல்லையைக் கொண்டார்கள், எத்தனை தாள்களைப் பார்த்தார்கள், மனைவியின் வயது என்ன, எத்தனை மாதம் முயன்றார்கள் என்னும் நான்கையும் அதே அட்டவணையில் தர வேண்டும். தராத கட்டுரைகளை இதழாசிரியர்கள் திருப்பி அனுப்ப வேண்டும்.