சொக்கலேட்டும் மனக்கட்டுப்பாடும்



பசி வேறு, ஆசை வேறு. பசி வயிற்றிலே பிறந்து, கிடைத்த உணவினாலே அடங்கிவிடும். ஆசையோ நாவிலும் நினைவிலும் பிறந்து, தான் விரும்பிய பொருளையன்றி வேறெதனாலும் அடங்க மறுக்கும். சோறும் கறியும் வயிறார உண்டெழுந்த ஒருவர், சிறிது நேரத்துக்குள் ஒரு துண்டு சொக்கலேட்டைத் தேடி அலுமாரியைத் திறப்பாராயின், அவரைத் தூண்டியது பசியன்று என்பது வெளிப்படை. உடல்நலங் கருதித் தம் உணவைத் திருத்திக்கொள்ள முனைவோர் பலர், எண்ணெயை வென்று, மாவை வென்று, இறுதியில் இந்த ஒரு பொருளிடத்தே தோற்றுப்போகின்றனர். இன்று முதல் தொடுவதில்லை என்று சபதஞ் செய்கின்றனர். மூன்றாம் நாள் அச்சபதத்தை உடைத்து, இழந்ததற்கும் சேர்த்து உண்கின்றனர்.

இப்போராட்டம் நம் காலத்துக்கே உரியதென எண்ணுவது தவறு. சொக்கலேட்டின் மீதெழுந்த ஆசையைக் கட்டுப்படுத்த மனிதர் முயன்ற வரலாறு பல நூற்றாண்டு நீளமுடையது. தகுதியால் கட்டினர், சமய விதியால் கட்டினர், சுவையைக் கெடுத்துக் கட்டினர், சட்டத்தால் அளந்தும் கட்டினர். இவற்றுள் எது பயன் தந்தது, எது தோற்றது என்பதை ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

கொக்கோ மரத்தின் தாயகம் அமெரிக்காவின் வெப்ப வலயம். நாமோ அதனை அறியாதவரல்லேம். 1869 ஆம் ஆண்டு முதல் இலங்கையின் கோப்பித் தோட்டங்களை இலைநோய் அழித்தபோது, தோட்டக்காரர் சிலர் தேயிலை, சிங்கோனா ஆகியவற்றோடு கொக்கோவையும் நாடினர். மாத்தளை, கண்டிப் பகுதிகளில் அம்மரத்தை இன்றுங் காணலாம். அதன் விதையை வாயிலிட்டுப் பார்த்தவர் அறிவர்: அது கைப்பு நிறைந்தது. அக்கைப்பே இவ்வரலாற்றின் தொடக்கமாகும்.

ஸ்பானியர் வருமுன் மெக்சிக்கோவை ஆண்ட அஸ்தெக் மக்கள், வறுத்தரைத்த கொக்கோவை நீரிற் கலந்து, மிளகாயும் வனிலாவும் சேர்த்து, நுரை பொங்க ஆற்றிக் குடித்தனர். அதிற் கரும்புச் சீனி இல்லை. கரும்பு அக்காலத்தில் அந்நிலத்துக்கே வந்திலது. கொக்கோ விதை அவர்களிடையே நாணயமாகவும் வழங்கிற்று. ஆகவே ஒரு கிண்ணம் பருகுவது பணத்தைக் கரைத்துக் குடிப்பதற்கு ஒப்பாயிற்று. பிரபுக்கள், போர்வீரர், தொலைதூர வணிகர் ஆகியோருக்கே அப்பானம் பெரும்பாலும் உரியது. அம்மக்களின் வாழ்க்கையைப் பதினாறாம் நூற்றாண்டில் எழுதிவைத்த சகாகுன் என்னும் பிரான்சிஸ்கன் துறவி, இப்பானம் அளவோடு பருகினால் களிப்பும் ஊக்கமும் தருமென்றும், மிகுந்தால் மயக்கி நிலைகுலைக்குமென்றும் அவர்கள் கருதியதைக் குறித்துள்ளார். அளவு பற்றிய எண்ணம் சொக்கலேட்டுடன் கூடவே பிறந்தது என்பதற்கு இது சான்று. ஆனால் அங்கே அளவை நிறுவியது மனமன்று, அருமையும் தகுதியுமே. பொருள் எளிதாகும் நாளில் இத்தகைய அணை தானே உடைந்துவிடும்.

உடைந்தும் விட்டது. 1521 ஆம் ஆண்டில் அஸ்தெக் தலைநகரைக் கைப்பற்றிய ஸ்பானியர், காலப்போக்கில் அக்கைத்த பானத்திற் சீனியைச் சேர்த்தனர். கைப்பும் இனிப்பும் கூடியதும், அது அரண்மனைகளையும் மடங்களையும் ஒருங்கே வென்றது. அப்போது கத்தோலிக்க சமயவாணரிடையே ஒரு வழக்கெழுந்தது. உபவாச நாளில் ஒரு முழு உணவே உண்ணலாம் என்பது விதி, பானம் விலக்கப்படவில்லை. சொக்கலேட்டு பானமா, உணவா? பானமெனின் உபவாசம் முறியாது; உணவெனின் முறியும். இவ்வொரு வினாவை ஆராய அந்தோனியோ தெ லியோன் பினேலோ என்பவர் 1636 ஆம் ஆண்டில் ஒரு நூலே எழுதி வெளியிட்டார். 1664 ஆம் ஆண்டில் ரோமாபுரியில் கர்தினால் பிரங்காச்சியோ என்பவர், நீர்மப் பொருள் உபவாசத்தை முறிப்பதில்லை என்று வாதாடி நூல் வெளியிட்டார்.

தோமஸ் கேஜ் என்னும் ஆங்கிலேயர், 1648 ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில், மெக்சிக்கோவின் சியாப்பா நகரிற் கேட்டறிந்ததாக ஒரு செய்தி கூறுகிறார். அந்நகர்ச் சீமாட்டிகள் வழிபாடு முடியும்வரை பொறுக்கமாட்டாமல், பணிப்பெண்கள் மூலம் பேராலயத்துக்குள்ளேயே சொக்கலேட்டை வருவித்துக் குடித்தனராம். ஆயர் தடைவிதித்தார்; மீறுவோரைத் திருச்சபையினின்று விலக்குவதாக எச்சரித்தார். சீமாட்டிகளோ சொக்கலேட்டை விடவில்லை. பேராலயத்தை விட்டு வேறு கோயில்களுக்குச் சென்றனர். பின்னர் ஆயர் நோயுற்று இறந்தபோது, அவருக்கு நஞ்சு கொடுக்கப்பட்டது சொக்கலேட்டுக் கிண்ணத்திலேயே என்று ஊரிலே வதந்தி பரவிற்றாம். வதந்தி மெய்யோ பொய்யோ, தடையினால் ஆசை குன்றவில்லை என்பது மட்டும் இக்கதையிலிருந்து துலங்குகிறது.

ஆசை தனக்கு வேண்டிய நியாயத்தைத் தானே தேடிக்கொள்ளும் என்பதற்குப் பிரெஞ்சுச் சீமாட்டி செவினேயின் கடிதங்களும் சான்றாகும். 1671 ஆம் ஆண்டில் அவர் தம் மகளுக்குச் சொக்கலேட்டைப் பரிந்துரைத்து எழுதினார்; சில மாதங்களில் அது தீங்கானதென்று எச்சரித்தார்; அவ்வாண்டு முடியுமுன்னே மீண்டும் அதனுடன் சமாதானம் செய்துகொண்டார். ஒருநாள் உண்டது செரிப்பதற்காகவும், மறுநாள் உபவாசத்தைத் தாங்குவதற்காகவும் அதனைப் பருகியதாக எழுதுகிறார். ஒன்றற்கொன்று முரணான இரு காரணங்களும் ஒரே கிண்ணத்தில் அடங்கின. இன்று நாம் கூறிக்கொள்ளும் சமாதானங்கள் இவற்றினின்றும் வெகுதூரம் விலகியனவல்ல.

அடுத்த மாற்றத்தை விளைத்தவை இயந்திரங்கள். 1828 ஆம் ஆண்டில் ஒல்லாந்தில் வான் ஹூட்டன் குடும்பத்தினர், கொக்கோவிலுள்ள கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் அழுத்தியந்திரத்துக்கு உரிமம் பெற்றனர். அக்கொழுப்பை மீண்டும் கொக்கோவுடனும் சீனியுடனும் சேர்த்து, 1847 ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகரின் பிரை நிறுவனத்தார் கடித்துண்ணும் சொக்கலேட்டை வார்த்தனர். 1875 ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்தின் தானியேல் பீற்றர் அதிற் பாலையுஞ் சேர்த்தார். பிரித்தானியா 1874 ஆம் ஆண்டிற் சீனித் தீர்வையை ஒழித்தது. இங்ஙனம் பிரபுக்களின் பானம் தொழிலாளியின் பிள்ளையும் காற்சட்டைப் பையிற் கொண்டு செல்லும் பண்டமாயிற்று. இது பாராட்டத்தக்க சமத்துவமே. ஆனால் பழைய அணைகள் யாவும் ஒருங்கே நீங்கின. விலையும் தடுக்கவில்லை, தகுதியும் தடுக்கவில்லை, சமயமும் தடுக்கவில்லை. கைப்புங் குறைந்தது. இன்று கடைகளில் விற்கும் பாற்சொக்கலேட்டின் எடையில் ஏறத்தாழப் பாதி சீனியே.

மூன்றாவது வழி விசித்திரமானது. 1937 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் தரைப்படையைச் சேர்ந்த கப்டன் போல் லோகன், போர்வீரருக்கு அவசரகால உணவாகும் சொக்கலேட்டுக் கட்டியொன்றைச் செய்துதருமாறு ஹேர்ஷி நிறுவனத்தை நாடினார். எடை நான்கு அவுன்ஸ், சக்தி மிகுதியாயிருத்தல் வேண்டும், வெப்பத்தில் உருகலாகாது. நான்காவது நிபந்தனையே வியப்புக்குரியது: அவித்த உருளைக்கிழங்கைவிடச் சற்றே மேலான சுவைதான் அதற்கு இருக்கலாம். சுவை மிகுந்தால், ஆபத்து வருமுன்னே வீரர் அதனைத் தின்று தீர்த்துவிடுவர் என அவர் அஞ்சினார். அவர் கருதியது நிறைவேறிற்று, மிகையாகவே நிறைவேறிற்று. இரண்டாம் உலக யுத்தத்தில் வீரர் பலர் அதனை வெறுத்து வீசியெறிந்தனர். ஆசையைக் கொல்லச் சுவையைக் கொன்றால், பொருளே பயனற்றுப்போகிறது. சுவையற்ற உணவுகளை மட்டும் பட்டியலிட்டுக்கொண்டு உடல்நலந் தேடுவோர் இதனை எண்ணிப்பார்த்தல் நன்று.

இனி நான்காவது வழிக்கு வருவோம். அதுவே அளந்து பங்கிடுதல். யுத்தத்தின் நடுவே, 1942 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 26 ஆம் திகதி, பிரித்தானிய அரசாங்கம் இனிப்புப் பண்டங்களையும் சொக்கலேட்டையும் பங்கீட்டின் கீழ்க் கொண்டுவந்தது. அதே ஆண்டிலேயே இலங்கையில் அரிசிப் பங்கீடும் தொடங்கிற்று. ஆகவே கூப்பன் என்பது எத்தகையது என்பதை நம் முதியோருக்கு விளக்க வேண்டியதில்லை. பிரித்தானியரின் இனிப்புப் பங்கு காலத்துக்குக் காலம் மாறியதாயினும், பெரும்பாலும் ஒருவருக்கு நான்கு கிழமைகளுக்குப் பன்னிரண்டு அவுன்ஸ் அளவாயிருந்தது. அஃதாவது நாளொன்றுக்கு ஏறக்குறைய 12 கிராம். செல்வர் பிள்ளைக்கும் அதுவே. ஏழை பிள்ளைக்கும் அதுவே. பிள்ளைகள் தம் பங்கை ஒரே நாளிலே தின்பதா, நாளுக்கொரு துண்டாக மாதம் முழுவதும் வைத்திருப்பதா என்று தாமே தீர்மானிக்க வேண்டியிருந்தது. மனக்கட்டுப்பாடு பாடப்புத்தகத்தில் அன்றி இனிப்புக் கடையிலே கற்பிக்கப்பட்டது.

யுத்தம் முடிந்தும் பங்கீடு முடியவில்லை. 1949 ஆம் ஆண்டு ஏப்ரில் 24 ஆம் திகதி, உணவு மந்திரி ஜோன் ஸ்ட்ரேச்சி இனிப்புகளின் கட்டுப்பாட்டை நீக்கினார். ஏழாண்டு அடங்கிக்கிடந்த ஆசை ஒருங்கே எழுந்தது. கடைகள் வெறுமையாயின. கேட்டவர்க்கெல்லாம் கொடுக்கச் சரக்கில்லாமையால், அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்திலேயே பங்கீட்டை மீண்டும் விதிக்க நேர்ந்தது. 1953 ஆம் ஆண்டு பெப்ரவரி 5 ஆம் திகதியே இனிப்புகள் இறுதியாக விடுதலை பெற்றன. அன்று பிள்ளைகள் உண்டியல்களை உடைத்துக்கொண்டு கடைகளுக்கு விரைந்தனர். வளர்ந்தோரும் மதிய இடைவேளையில் வரிசையில் நின்றனர். அவ்வாண்டு செப்டெம்பரிற் சீனிப் பங்கீடும் ஒழிந்தது.

அக்கால மக்கள் தாம் ஒரு பெரும் பரிசோதனைக்கு உட்பட்டிருந்ததை அறிந்திலர். 2024 ஆம் ஆண்டில் 'சயன்ஸ்' என்னும் ஆராய்ச்சி ஏட்டில் வெளியான ஆய்வொன்று அதனை வெளிப்படுத்திற்று. பங்கீடு நீங்கியதற்குச் சற்று முன்னும் பின்னும் பிறந்த ஏறத்தாழ 60,000 பேரின் உடல்நல விபரங்களை ஆய்வாளர் ஒப்பிட்டனர். பங்கீடு நீங்கியபின், மக்கள் நாளொன்றுக்கு உட்கொண்ட சீனி சுமார் 40 கிராமிலிருந்து 80 கிராம் அளவுக்கு உயர்ந்திருந்தது. கருவிலும், பிறந்த முதலிரண்டு ஆண்டுகளிலும் பங்கீட்டுக் காலத்தைக் கழித்தோருக்கு, முதிர்ந்த வயதில் இரண்டாம் வகை நீரிழிவு ஏற்படும் அபாயம் சுமார் 35 வீதமும், உயர் இரத்த அழுத்தம் ஏற்படும் அபாயம் சுமார் 20 வீதமும் குறைந்திருக்கக் கண்டனர். இவ்வாய்வு சீனி முழுவதையும் பற்றியது. சொக்கலேட்டை மாத்திரம் பற்றியதன்று. எனினும் அதன் பாடம் தெளிவு. அக்குழந்தைகளின் குடும்பங்கள் இனிப்பைத் துறக்கவில்லை, அளந்து உண்டன. அவ்வளவே எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் நற்பயன் தந்துள்ளது. நீரிழிவு மலிந்த நம் நாட்டில், தாய்மாரும் பாட்டிமாரும் இதனைச் செவிகொடுத்துக் கேட்டல் வேண்டும். இரண்டு வயது நிரம்பாத குழந்தையின் கையிலே அன்பின் அடையாளமாக இனிப்பைத் திணிப்பது அன்பாகாது.

நேயர்களே, 1949 ஆம் ஆண்டின் நிகழ்ச்சி நமக்குள்ளும் நாள்தோறும் நிகழ்கிறது. கனடாவின் ரொறன்ரோ நகர ஆய்வாளர் 2005 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, வழக்கமாகவே உணவைக் கட்டுப்படுத்தி வாழ்வோரை ஒரு கிழமைக்குச் சொக்கலேட்டு உண்ணாதிருக்கச் செய்தபோது, தடை நீங்கியதும் அவர்களே மிகுதியாக உண்டனர். முற்றாக விலக்குதல் ஆசைக்கு வட்டி சேர்ப்பதாகும். இன்னொரு செய்தி: 1994 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர், சொக்கலேட்டு ஆசையுடையோருக்குக் கொக்கோவை மாத்திரைக் கூட்டில் அடைத்துக் கொடுத்துப் பார்த்தனர். ஆசை தணியவில்லை, வாயிலே சுவைத்த சொக்கலேட்டே அதைத் தணித்தது. ஆகவே நாம் நாடுவது பெரிதும் நாவின் இன்பத்தையே. நாவின் இன்பத்துக்கு மிகுந்த அளவு வேண்டுவதில்லை; கவனமே வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2015 ஆம் ஆண்டில், உணவிற் சேர்க்கும் சீனி மொத்தச் சக்தியில் பத்து வீதத்துக்குக் குறைவாகவும், இயலுமாயின் ஐந்து வீதத்துக்குக் குறைவாகவும் இருத்தல் நன்றென அறிவுறுத்திற்று. பின்னது வளர்ந்தோருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராம். ஐம்பது கிராம் பாற்சொக்கலேட்டு ஒன்றே அதனை முழுவதும் விழுங்கிவிடும். தேநீருக்கு ஒரு கரண்டிச் சீனியும் மிஞ்சாது. கொக்கோ மிகுந்த கைப்புச் சொக்கலேட்டிற் சீனி குறைவு. ஆனால் கொழுப்புக் குறைவன்று. ஆகவே அதற்கும் அளவு வேண்டும்.

செய்யத்தக்கது யாது? பங்கீட்டுக் காலத்துப் பிள்ளையைப் போல், நமக்கு நாமே ஒரு கூப்பன் எழுதிக்கொள்ளுதல். கிழமைக்கு இவ்வளவு என வரையறுத்து, அதற்கு மேல் வீட்டிலே வாங்கிவையாதிருத்தல். பசித்த வேளையில் உண்ணாது, உணவுக்குப் பின் ஒரு துண்டை முறித்து, மிச்சத்தை எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, அமர்ந்து மெல்லச் சுவைத்தல். வாசிக்கும்போதும் படங் காணும்போதும் கையறியாது தின்னும் வழக்கத்தை விடுதல். ஒருநாள் அளவு மீறினால், மறுநாள் பட்டினி கிடவாது, வழக்கமான அளவுக்கே திரும்புதல்.

மருந்தைப் பற்றிய அதிகாரத்தில் உணவின் அளவைப் பற்றியே பெரிதும் பேசினார் வள்ளுவர். ஆயரின் தடையும், லோகனின் சுவையற்ற கட்டியும் சாதியாததை, பன்னிரண்டு அவுன்ஸ் என்ற ஓர் எளிய அளவு சாதித்தது. அந்த அளவை அன்று அரசாங்கம் விதித்தது. இன்று விதிக்க ஒருவரும் இல்லை. கூப்பனும் நம் கையில். கத்தரிக்கோலும் நம் கையில்.