உறுதியில் ஒரு பெயர்



பரம்பரை என்றதும் எங்களவருக்குக் காணி உறுதிதான் முதலில் நினைவுக்கு வரும். எங்கள் அப்பாச்சியின் தகரப் பெட்டியிலும் ஒரு கட்டு உறுதிகள் இருந்தன. 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வோடு அந்தப் பெட்டியும் போயிற்று. சிறுவனாயிருந்த எனக்கு அன்று அதன் அருமை தெரியவில்லை. அண்மையில் அலெக்ஸ் ஹேலியின் ‘றூட்ஸ்’ நூலை மீண்டும் படித்தபோதுதான் அது நினைவில் வந்து உறுத்தியது.

ஹேலி கறுப்பின அமெரிக்க எழுத்தாளர். ரென்னசி மாநிலத்தின் ஹெனிங் என்ற சிற்றூரில், பாட்டி வீட்டு முன்விறாந்தையில் அவர் கேட்டு வளர்ந்த கதை ஒன்றுண்டு. ஆபிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட மூதாதை ஒருவர், எசமானர் ‘ரோபி’ எனப் பெயரிட்டபோதும் தம் பெயர் ‘கின்ரே’ என்றே சொன்னாராம். தப்பியோடியதற்காக அவருடைய பாதத்தை வெட்டினார்களாம்.

இக்கதையின் தடத்தைத் தேடி ஹேலி ஆவணக் காப்பகங்களுக்குள் நுழைந்தார். அடிமைகளாயிருந்தோர் பெருந்தொகையாகப் பெயர் சொல்லி எண்ணப்பட்டது 1870ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில்தான். அதற்கு முந்திய பெயர்களைக் கவுண்டி நீதிமன்றங்களின் உறுதிகளிலும் மரணசாசனங்களிலும் சொத்துப் பட்டியல்களிலுமே தேடவேண்டும். அங்கே மனிதர் மாடுகளோடும் தளபாடங்களோடும் விலை குறிக்கப்பட்டு நிற்பர். வேர்ஜினியாவில் 1768 செப்டெம்பர் 5ஆந் திகதியிட்ட உறுதியொன்று ஹேலிக்குக் கிடைத்தது. ஜோன் வாலர் என்பவர் வில்லியம் வாலருக்கு 240 ஏக்கர் நிலத்தைக் கைமாற்றுகிறார். நிலத்தோடு ரோபி என்ற அடிமையும் கைமாறுகிறார்.

1976இல் நூல் வெளிவந்தது. மறு ஆண்டு புலிற்சர் சிறப்புப் பரிசும் பெற்றது. ஆனால் 1981இல் கரி மில்ஸ், எலிசபெத் மில்ஸ் என்னும் ஆய்வாளர் இருவர் அதே ஆவணங்களைப் புரட்டிப் பார்த்தனர். கின்ரேயைக் கொண்டுவந்ததாக ஹேலி சொன்ன கப்பல் 1767இல் அனாபொலிஸ் துறையை அடைந்தது. வாலர் குடும்பத்து ரோபியோ 1762ஆம் ஆண்டுப் பதிவிலேயே இருக்கிறார். 1782க்கு முன்பே அவர் இறந்துவிட்டதாகவும் தெரிகிறது. நூலின்படி மகள் கிஸி பிறந்ததோ 1790இல்.

அப்படியானால் பாட்டியின் கதை பொய்யா? அப்படிச் சொல்லிவிட முடியாது. அந்த ரோபி இந்த மூதாதை அல்லர் என்பதே ஆவணம் சொல்வது. வாய்மொழி காத்த பெயரை உடைமைக்காரரின் ஏடு எழுதாமல் விட்டிருக்கலாம். ஆயினும் ஏடு சொல்லாததைச் சொன்னதாகக் காட்டுவது வரலாறாகாது. தம் நூலில் உண்மையும் புனைவும் கலந்துள்ளன என்று ஹேலியும் ஒப்புக்கொண்டவரே.

இதைப் படித்தபின் என்னை அலைக்கழித்தது வேறொரு கேள்வி. ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமையில் அடிமைகளைப் பற்றியும் விதிகள் உண்டு. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இல். அதுவரை யாழ்ப்பாணத்திலும் மனிதர் முதுசொமாகவும் சீதனமாகவும் கைமாறினர். நாங்கள் காணிக்காரர் என்று அப்பாச்சி பெருமையோடு சொல்வார். ஹேலி உறுதியில் தேடியது விற்கப்பட்டவரின் பெயரை. எங்கள் பெட்டி இன்றிருந்தால், கைமாற்றியவரின் பெயராக என் மூதாதை ஒருவரின் பெயரையே நான் கண்டிருக்கக் கூடும்.

அதைப் படித்து என் மாணவருக்குச் சொல்லும் துணிவு எனக்கு இருந்திருக்குமா? இருந்திருக்க வேண்டும் என்றே விரும்புகிறேன்.