பினாமி

ஒருவர் பணம் கொடுத்து வாங்கிய சொத்து, அவர் அனுபவத்துக்காகவே வேறொருவர் பெயரில் இருப்பதைக் குறிக்கும் இந்தியச் சட்டச்சொல். பாரசீகத்தில் ‘பே’ என்றால் இல்லாமல், ‘நாம்’ என்றால் பெயர். பெயரை இரவல் கொடுப்பவர் சட்டத்தில் பினாமிதார். தமிழில் அந்த ஆளையே பினாமி என்று சொல்லிப் பழகிவிட்டோம்.

இது நெடுங்காலம் குற்றமாக இருக்கவில்லை. தகப்பன் மகன் பெயரில் வாங்கினால் அதை மகனுக்குக் கொடுத்த கொடையாகவே கொள்வது இங்கிலாந்து வழக்கம். அது இங்கே செல்லாது, பணம் யாருடையது என்று பார்த்தால் போதும் என்று 1854இல் கோபிகிருஷ்ண கோசாயி வழக்கில், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது.

சொல்லின் குழப்பத்தைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது மதுரை மீனாட்சி மில்ஸின் வருமானவரி வழக்கு (1956). விற்பனை உண்மையாக நடந்து, வாங்கியவர் பெயர் மட்டும் மாறியிருப்பது ஒன்று. விற்பனையே நடக்காமல் பத்திரம் மட்டும் எழுதிக்கொள்வது மற்றொன்று. இரண்டையும் பினாமி என்கிறார்கள்; முன்னதே சரியான பொருள், பின்னது வெறும் பொய்ப்பத்திரம் என்றார் உச்ச நீதிமன்ற நீதிபதி டி.எல். வெங்கடராம ஐயர்.

கடன்காரர், வரி அதிகாரி, நில உச்சவரம்பு எனச் சொத்தை மறைக்கும் காரணங்கள் பெருகப் பெருகச் சொல்லுக்குக் கெட்ட பெயர் வந்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டம் பினாமிப் பரிவர்த்தனையைத் தடைசெய்து மூன்றாண்டு வரை சிறை விதித்தது. ஒன்பதே பிரிவுகள், பறிமுதலுக்கான விதிகள் வகுக்கப்படவே இல்லை. ஏறத்தாழ 28 ஆண்டுகள் அது ஏட்டுச் சுரைக்காய்தான். 2016 நவம்பர் 1இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் சிறையை ஏழாண்டு வரை உயர்த்தி, சந்தை மதிப்பில் கால்பங்கு வரை அபராதமும் சேர்த்தது. பழைய பரிவர்த்தனைகளுக்கு அது பொருந்தாது என்ற 2022ஆம் ஆண்டுத் தீர்ப்பை 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே திரும்பப் பெற்றுக்கொண்டது.

கணக்குக் காட்டிய வருமானத்தில் ஒருவர் தம் மனைவி, கணவர் அல்லது பிள்ளைகள் பெயரில் வாங்கும் சொத்து இன்றைய சட்டத்திலும் பினாமி ஆகாது.